பேர் போடாத நாட்குறிப்புகள்

நாட்குறிப்பு என்னும் உரைநடை வகையைப் பற்றி உயர்தர வகுப்பிற் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தமிழில் நாட்குறிப்பு என்றதும் ஆனந்தரங்கம் பிள்ளையின் நினைவே முதலில் வரும். 1736 முதல் 1761 வரை, புதுச்சேரியிலிருந்து, கப்பல் வந்ததையும் சரக்கின் விலையையும் கவர்னர் சினந்ததையும் ஒருங்கே எழுதிவைத்தவர் அவர். அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, வேற்று நாட்டார் நம்மிடையே வந்திருந்து எழுதிய நாட்குறிப்புகளும் உண்டு என்றேன். மதம் பரப்ப வந்த மிசனரிமார் எழுதியவை அவை. அவற்றுள் தமிழர் அதிகம் பேசாத ஒரு தொகுதி, 1853ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் வந்த மார்மன் சபையாருடையது என்று சொல்லிக்கொண்டிருக்கையில், பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். நல்லதண்ணிக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்திலிருந்து வருபவள். “அதுல எங்க ஆளுங்களுக்குப் பேர் போட்டிருக்காங்களா, சேர்?” என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. மலையகத்துக்கு வெளியேயுள்ள வாசகருக்கு இச்சிரிப்பின் பொருள் விளங்காது. எங்கள் தோட்டங்களிற் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்குரிய கூலி. காலையிற் பிரட்டுக்குப் போய், மலையேறி, குறித்த இறாத்தல் கொழுந்து பறித்துக் கொடுத்தால் ஒரு பேர். மழையாலோ கொழுந்தின்மையாலோ நிறை குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளை செக்ரோலில் எழுதினால்தான் அவள் அன்று உழைத்தவள். எழுதாவிட்டால் அந்த நாளே இல்லை. ஆகவே மாணவி கேட்டது வேடிக்கையான கேள்வியாயினும், ஓர் இலக்கிய வகையின் அடிமடியைத் தொட்ட கேள்வி. அன்று அதற்கு நான் சரியான விடை சொல்லவில்லை. இக்கட்டுரை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை.

முதலில் வரலாறு. 1852 ஓகஸ்ட் இறுதியில், அமெரிக்க மேற்குப் பகுதியின் பாலைவெளியில் மார்மன்கள் அமைத்துக்கொண்ட சோல்ட் லேக் நகரத்தில் விசேட மாநாடொன்று கூடியது. உலகின் பல திக்குகளுக்கும் போய்ப் போதிக்குமாறு நூறு பேரளவில் அதில் அழைக்கப்பட்டனர். பெரும்பாலோர் மணமானவர், உழவர், தச்சர், சிறுவணிகர், மறைக் கல்லூரியின் வாசலையே மிதியாதவர். அவர்களுள் ஒன்பது பேர் இந்துஸ்தானத்துக்கு, நால்வர் சீயத்துக்கு. பதின்மூவரும் 1853 சனவரி இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில் ‘மொன்சூன்’ என்ற கப்பலேறி, ஏப்ரல் இறுதியிற் கல்கத்தாவில் இறங்கினர். அங்கிருந்து பிரிந்தனர். இசுக்கொத்துலாந்திற் பிறந்தவரும், தம் வீட்டிலேயே சிறுவர்க்கு ஞாயிறு பாடசாலை நடத்தியவருமான றிச்சட் பலன்டைன், வேறு இருவருடன் சென்னைக்கு நியமிக்கப்பட்டார். சீயத்துக்கென்று புறப்பட்ட நால்வரில் ஒருவரே பாங்கொக் வரை போய்ச் சேர்ந்தார். லீவை சவேஜ் என்பவர் பர்மாவின் மௌல்மெயினிலேயே தங்கினார். சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூவி என்ற இருவர் 1853இல் இலங்கைக்கு வந்து, காலூன்ற இடங்கிடையாது பம்பாய்க்குப் போயினர்.

இவர்கள் நாட்குறிப்பு எழுதியது தற்செயலன்று; நாட்குறிப்பு எழுதுவதைக் கடமையென்றே போதிப்பது அச்சபை. அவ்வேடுகள் இன்றும் சோல்ட் லேக் நகரத்தில் பேணப்படுகின்றன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு அச்சபையின் வரலாற்றாசிரியர் லேனியர் பிரிட்ஷ் 1999இல் ஒரு விரிந்த நூல் எழுதினார். ‘இதனினும் வீரமுடையது வேறில்லை’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. தலைப்பிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடும் நூல்களை நான் சற்று ஐயத்துடன்தான் திறப்பது வழக்கம். ஆயினும் பிரிட்ஷ் நேர்மையானவர். தம்மவர் தோல்வியை மறைக்கவில்லை. வீரம் என்ற சொல்லை அவரிடமிருந்து உடனே பறித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. மனைவி மக்களை உலகின் மறுபுறத்தில் விட்டு, கடிதம் வந்து சேரப் பல மாதங்களாகும் தூரத்தில், காய்ச்சலிலும் வயிற்றுளைச்சலிலும் கிடந்து, கேட்பார் இல்லாமலே நாள்தோறும் போதிக்கப் புறப்பட்டவர்களின் மனவுறுதியை எள்ளுவது எளிது. எள்ளுவதால் எதுவும் விளங்கப்போவதில்லை. நம்பிக்கையைக் கேலி செய்வதுதான் முற்போக்கு என்று எண்ணும் நண்பர் சிலர் நம்மிடை உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

விளங்கிக்கொள்ள வேண்டியது வேறு. பணப்பையுமின்றி, மூட்டை முடிச்சுமின்றிப் புறப்பட்டுப் போய், கேட்போர் இடும் உணவை உண்டு போதிக்க வேண்டும் என்பது இவர்கள் மேற்கொண்ட விரதம். சுவிசேஷத்தில் இயேசு தம் சீடருக்கு இட்ட கட்டளையை அப்படியே எடுத்துக்கொண்டனர். அமெரிக்கக் கிராமங்களிலும் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் தெருக்களிலும் இது பலித்தது. தட்டிய கதவு திறந்தது. தொழிலாளி தன் உரொட்டியில் ஒரு துண்டைக் கொடுத்தான். பிறகு அவன் சொன்னதை இவனும் இவன் சொன்னதை அவனும் கேட்டனர். இந்தியாவில் இவ்விரதம் உடைந்துபோயிற்று. இது வேடிக்கையான நிகழ்ச்சி. உலகத்திலேயே பிச்சைப் பாத்திரத்துக்கு மதிப்பளிக்கும் நாடுகள் இவை. பண்டாரத்துக்கும் பரதேசிக்கும் சோறிட்டுப் பழகிய வாசல்கள் இவை. பிக்கு ஏந்திய பாத்திரத்தில் ஏழைப் பெண்ணும் ஓர் அகப்பைச் சோறு இடும் தீவு இது. எங்கள் நல்லதண்ணியிலே, மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை, மலையேறும் யாத்திரிகர் எந்தச் சமயத்தவராயினும் கஞ்சியோ தேநீரோ கொடுப்பதற்கு ஆளிருக்கும். இத்தகைய நாட்டுக்கு, பிச்சையேற்று வாழ்வோம் என்று விரதம் பூண்டு வந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள்.

காரணம், அவர்கள் தட்டிய கதவுகள். வெள்ளையரின் பங்களாக் கதவுகளையே அவர்கள் தட்டினர். கும்பெனிச் சிப்பாய்த் தலைவர், நீதவான், கணக்கர், கப்பற் தலைவர் ஆகியோரையே ‘மக்கள்’ என்று கொண்டனர். அவ்வுலகத்திலோ, கால்நடையாய் வரும் வெள்ளையன் ஓடுகாலி. காசில்லாத வெள்ளையன் ஆளும் இனத்துக்கே அவமானம். போதாக்குறைக்கு, இவர்களை அனுப்பிய அதே 1852 மாநாட்டிலேதான் மார்மன்கள் பலதார மணக் கொள்கையைப் பகிரங்கமாக அறிவித்தனர். அச்செய்தி இவர்களுக்கு முந்தியே பத்திரிகைகளில் வந்து சேர்ந்திருந்தது. ஏனைய மிசனரிமார் அதை அச்சிட்டுப் பரப்பினர். படை முகாம்களிற் போதிப்பதற்குத் தடை வந்தது. இலங்கையில் வெஸ்டுக்கும் டூவிக்கும் நேர்ந்தது இதுவே.

மறுபுறத்தில் நம்மவர் கதவுகளோ? சாதியாசாரம் அவற்றுட் பலவற்றை அடைத்திருக்கும் என்பது உண்மை. மிலேச்சனை உள்ளே அழைத்து இலைபோட மேற்சாதி வீட்டார் துணியார். ஆனால் அடைபடாத கதவுகளும் இருந்தன. சேரிகளிற் கதவே இல்லாத குடிசைகளும் இருந்தன. அங்கே போவதற்கு மொழி வேண்டும். சென்னையில் ஏறக்குறைய ஓராண்டு இருந்த பலன்டைன் சிறு நூல்கள் வெளியிட்டார். 1854இல் ஒரு மாத இதழே நடத்தினார். அவ்விதழ் ஆங்கிலத்தில். அவரைக் கேட்டவர்களும் ஆங்கிலம் பேசுவோர். உடல் நலங்கெட்டு 1854 யூலையில் அவர் சென்னையை விட்டுப் புறப்பட்டபோது, விரல்விட்டு எண்ணத்தக்க சிறு சபையொன்றே எஞ்சியிருந்தது. இந்தியத் தேசத்தில் ஓராண்டு வாழ்ந்தவர் வெள்ளையர் தேசத்திலேதான் வாழ்ந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

கல்கத்தாவில் நடந்தது இன்னும் கசப்பானது. இப்பதின்மூவருக்கு முன்பே அங்கு வந்திருந்த வில்லியம் வில்ஸ் என்பவர், ஏற்கெனவே வேறு சபையிற் கிறிஸ்தவராயிருந்த வங்க உழவர் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். 1853இற் கப்பல் வந்து சேர்ந்தபோது அவர்களைக் காணவில்லை, விலகிவிட்டிருந்தனர். பொருளுதவியை எதிர்பார்த்து வந்தவர்கள், அது இல்லையென்றதும் போய்விட்டனர் என்பது மிசனரிமார் தரும் விளக்கம். நம்மூரில் இன்றும் காதில் விழும் விளக்கந்தான் இது. அரிசிக்காக மாறினான், பால்மாவுக்காக மாறினான் என்பார்கள். சொல்வோர் எல்லாரும் வயிறு நிறைந்தவர்கள். ஆனால் அந்த வங்க உழவன் எவ்வளவு குத்தகை கட்டினான், அவன் வீட்டில் அன்று அடுப்பெரிந்ததா என்று கேட்ட நாட்குறிப்பு எது? கடவுளிடம் அன்றன்றைய அப்பத்தைக் கேட்டு மன்றாடும் மதத்தின் போதகர்கள், ஏழையொருவன் அவ்வப்பத்தைத் தம்மிடம் கேட்டபோது அதை நம்பிக்கைக் குறைவு என எழுதிக்கொண்டனர். இலக்கியத் திறனாய்வாளன் இவ்விடத்திற் கண்ணை மூடிக்கொண்டு நடையழகைப் பேச முடியாது.

இவற்றுக்கிடையே லீவை சவேஜின் எழுத்து தனித்து நிற்கிறது. மனைவியை இழந்து ஓராண்டு ஆவதற்குள் அழைப்பு வந்தது. சிறு மகனை உறவினரிடம் விட்டுவிட்டு வந்தார். மௌல்மெயினில் ஏறக்குறைய ஈராண்டு இருந்தார், பர்மிய மொழியைக் கற்க முயன்றார், முடியவில்லை, அந்த முடியாமையை எழுதினார். தெய்வ அருளால் வேற்று மொழி நாவில் வந்திறங்கும் என்று நம்பும் சபையைச் சேர்ந்த ஒருவர், எனக்கு வரவில்லை என்று எழுதுவது சிறிய காரியமன்று. அவருடைய நடை வறண்டது. அணி கிடையாது, உருக்கம் கிடையாது. ஆனாற் பொய் கிடையாது. இந்த நேர்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அடுத்த இரண்டாண்டு காட்டுகிறது.

1856இல் அவர் ஊர் திரும்பும் வழியில், இங்கிலாந்திலிருந்தும் ஸ்கந்தினேவியாவிலிருந்தும் வந்த ஏழைத் தொழிலாளர் கூட்டத்தைச் சந்தித்தார். மாட்டு வண்டிக்குக் காசில்லாததால், தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றித் தாமே இழுத்துக்கொண்டு, ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரம் நடந்து சோல்ட் லேக் நகரத்துக்குப் போகப் புறப்பட்டவர்கள் அவர்கள். ஓகஸ்ட் மாதம் பிறந்துவிட்டது. இப்போது புறப்பட்டால் மலைகளிற் பனி பிடிக்கும், கிழவரும் குழந்தைகளும் மடிவர், குளிர்காலம் கழியட்டும் என்று சவேஜ் கூட்டத்தில் எழுந்து சொன்னார். விசுவாசம் குறைந்தவர் என்று கண்டிக்கப்பட்டார். கூட்டம் போவதென்று தீர்மானித்தது. அவரும் அவர்களோடே போனார். ஒக்டோபரிற் பனி பிடித்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் வழியில் மாண்டனர்.

இதைப் படிக்கும்போது நான் நல்லதண்ணியில் இருந்து படிக்கிறேன் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அதே ஆண்டுகளில், மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குக் காட்டினூடே மாத்தளையை நோக்கி, எங்கள் முன்னோர் நடந்துகொண்டிருந்தார்கள். கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டம். கையிற் கங்காணி கொடுத்த முற்பணம், அதாவது கடன். வழியில் வாந்திபேதி, வழியோரத்திலேயே புதைகுழி, சிலருக்கு அதுவுமில்லை. கைவண்டி இழுத்து மடிந்த அந்த ஐரோப்பிய ஏழைகளின் பெயர்களை மார்மன் சபை தேடித் திரட்டிப் பேணி வைத்திருக்கிறது. எந்த வண்டிக் கூட்டத்தில் யார் நடந்தார், யார் இறந்தார் என்று இன்று அவர்களின் எள்ளுப்பேரன் பார்த்துக்கொள்ளலாம். இதற்காக அச்சபையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மாத்தளை வழியில் மடிந்தவர்களுக்கு அத்தகைய ஏடு இல்லை. எத்தனை பேர் என்ற கணக்கே வரலாற்றாசிரியர்களுக்கு இன்னும் சர்ச்சைதான். ஒரே காலம்; இரண்டு நடை; ஒன்றுக்குப் பேர் போட்டார்கள்.

அந்த வழியைப் பார்த்தவர்கள் எழுதவில்லையா என்று கேட்கலாம். இங்கேதான் மார்மன்களை விட்டு, எங்கள் மலைகளுக்கே வந்த வேறொரு மிசனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெஸ்டும் டூவியும் இத்தீவைவிட்டுப் போன மறு ஆண்டு, அதாவது 1854இல், ‘தமிழ்க் கூலி மிசன்’ தொடங்கியது. கோப்பித் துரைமார் சிலரே இங்கிலாந்துத் திருச்சபை மிசனை அணுகி இதற்கு வழிசெய்தனர். உபதேசிமாரின் செலவுக்குத் துரைமார் சந்தா கொடுத்தனர். திருநெல்வேலியிற் பணியாற்றிய செப்திமஸ் ஹொப்ஸ் பாதிரியார் பொறுப்பேற்க வந்தார். திருநெல்வேலித் தமிழ் உபதேசிமாரும் கடல்கடந்து வந்து தோட்டந்தோட்டமாக நடந்தனர்.

இவர்களையும் வேற்று நாட்டிற் பணியாற்றிய மிசனரிமார் என்றே நான் கணக்கிடுவேன். வெள்ளைத்தோல் இருந்தால்தான் மிசனரி என்ற எண்ணம் நம்மிடமே வேரூன்றியிருக்கிறது. மார்மன்களுக்கு இல்லாத எல்லாம் இந்த உபதேசிமாருக்கு இருந்தது. மொழி இருந்தது. கேட்போரின் ஊரும் உறவும் சாமியும் பாட்டும் தெரிந்திருந்தன. லயத்துத் திண்ணையில் அமர்ந்து ஒரு வாய்த் தண்ணீர் கேட்க அவர்களால் முடிந்தது. இல்லாதது ஒன்றே: சந்தா கொடுத்த துரையைப் பற்றி எழுதும் உரிமை. உபதேசியார் தம் அறிக்கையை மேலாளரிடம் ஒப்படைப்பதும், அதில் வேண்டிய பகுதி ஆங்கிலத்தில் வெட்டியெடுக்கப்பட்டுச் சபை இதழில் வருவதும் அக்காலத்து வழக்கம். அந்த வடிகட்டியைத் தாண்டி வந்தவற்றில், குடிகாரன் திருந்தினான், மாரியம்மன் பூசாரி வாதிட்டுத் தோற்றான் என்பன போன்ற செய்திகளுக்கு இடமுண்டு. சம்பளம் எத்தனை மாதம் நிலுவையில் நின்றது, ‘துண்டு’ இல்லாதவனை அடுத்த தோட்டம் ஏன் சேர்க்கவில்லை என்பன போன்றவற்றுக்கு இடம் எங்கே கிடைக்கும்? சோறு போடுகிறவன் யாரோ அவன் கண்ணாற் பார்ப்பது எழுத்தாளனுக்கு எளிதில் வாய்த்துவிடும் நோய். எழுத்தாளர் சங்கங்களில் இருக்கும் நமக்கும் அது வராமலில்லை.

மதச்சார்பு மாத்திரம் இதற்குக் காரணமென்று எண்ணிவிடக் கூடாது. மலையகத்தின் முதல் அச்சு நூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை 1869இல் இயற்றிய ஆபிரகாம் ஜோசப் ஒரு தோட்ட உத்தியோகத்தர். கோப்பி வளர்ப்பைப் பாடிய அவருடைய கும்மியும், தொழிலாளியைத் துரையின் பக்கத்திலிருந்தே பார்க்கிறது. எழுதத் தெரிந்தவன் எங்கே நின்றான் என்ற கேள்வி அவருக்கும் பொருந்தும்.

மறுபுறத்தில், மிசனரி எழுத்து எல்லாமே இப்படித்தான் என்று ஒரு கோட்டை இழுத்துவிடுவது அநியாயம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, முதலிற் செய்தது தமிழ் கற்றது. முதிய ஆசிரியரொருவர் தம் மாணவரோடு அவர் வீட்டிலேயே பள்ளி நடத்த, மணலில் எழுதிப் படித்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708இல் அவற்றுக்கு ஓர் அட்டவணையே எழுதினார். தரங்கம்பாடித் தளபதியோடு முரண்பட்டு நான்கு மாதம் சிறையிருந்தார். கும்பெனியின் சோற்றை நம்பி எழுதியவர் சிறைக்குப் போகமாட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூலை, ஹல்லேயிலிருந்த அவருடைய மேலாளர் பிராங்கே அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பினோமேயன்றி அதை ஐரோப்பாவிற் பரப்ப அனுப்பவில்லை என்பது அவர் வாதம். நூல் சென்னையில் அச்சேற 1867 வரை காத்திருந்தது. மாறவைக்க வந்தவர் தாமே மாறத் தொடங்கிவிட்டார் என்பதை மேலாளர் நன்றாகவே கண்டுகொண்டார். அதே காலத்தில் தமிழரிடம் வினாக்கள் அனுப்பி, அவர்கள் எழுதிய விடைக் கடிதங்களை மொழிபெயர்த்து ஐரோப்பாவில் வெளியிட்டனர் தரங்கம்பாடி மிசனரிமார். தமிழர் தம் வாயாற் பேசிய அருமையான பக்கங்கள் அவை. ஆயினும் அக்கடிதங்களை எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் இல்லை. என் மாணவியின் கேள்வி சீகன்பால்கையும் விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் இக்கதை வேறுவிதமாகத் திரும்பிற்று. அமெரிக்க மிசனரிமார் அங்கே பெயரை விட்டுவிடவில்லை, மாற்றினர். அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய கொடையாளரின் பெயர்கள் வட்டுக்கோட்டை, உடுவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றிற் காணும் விசித்திரப் பெயர்கள் இப்படி வந்தவை. யாரோ கண்காணா நாட்டிற் கொடுத்த டொலருக்கு, இங்கே ஒரு பிள்ளையின் நெற்றியிற் பேர் போட்டார்கள்! ஆனால் அதே மிசனிலிருந்துதான் சாமுவேல் பிஸ்க் கிறீனும் வந்தார். 1847இல் வந்து 1873 வரை பணியாற்றிய இவர், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களை மாணவருடன் சேர்ந்து தமிழாக்கினார். தம் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே பொறிக்க விரும்பினார். கலைச்சொல்லுக்காக ஒரு நாட்டு மாணவனிடம் தலைவணங்கிக் கேட்க வேண்டியிருந்தவரின் எழுத்தும், கேட்க வேண்டிய தேவையே இல்லாதவரின் எழுத்தும் ஒன்றாயிருக்க முடியாது.

நம் நாளுக்கு வருவோம். இன்றைய மார்மன் மிசனரிமார் பெரும்பாலும் இருபது வயதையொட்டிய இளைஞர். ஆண்கள் ஈராண்டு, பெண்கள் பதினெட்டு மாதம். தம் செலவைத் தாமே அல்லது குடும்பத்தார் தாங்குவர். இருவர் இருவராகவே நடப்பர். வெள்ளைச் சட்டை, மார்பிற் பெயர்ப்பட்டி. காலை ஆறரைக்கு எழுதல், வேதம் படித்தல், மொழி படித்தல், தெருவில் இறங்கல், இரவு பத்தரைக்கு விளக்கணைத்தல் என்று நாள் முழுவதும் வரையறுக்கப்பட்டது. (அந்த ஆறரைக்கு எங்கள் தாய்மார் பிள்ளைக்கு உரொட்டி தட்டி வைத்துவிட்டுப் பிரட்டுக்கு நடந்துகொண்டிருப்பர்.) வாரத்துக்கொருமுறை வீட்டுக்குக் கடிதம். 2019 முதல் வாரந்தோறும் வீட்டாருடன் பேசவும் அனுமதியுண்டு. சவேஜ் தம் மகனைப் பற்றி ஒரு செய்தி கேட்க எத்தனை மாதம் காத்திருந்திருப்பார் என்று எண்ணினால், இது நல்ல மாற்றமே.

இவ்விளைஞரின் கடிதங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். உள்ளம் தூயது, சந்தேகமில்லை. வெப்பம், மழை, வாயில் எரியும் கறி, பேருந்து நெரிசல், பிறகு அவ்வாரம் கண்ட ஓர் அற்புதம். இந்த அச்சிலேயே கடிதங்கள் வார்க்கப்படுகின்றன. அற்புதம் என்பது பெரும்பாலும் ஏழை வீடொன்றில் நிகழ்கிறது. அவ்வீட்டார் இல்லாமையிலும் சிரித்தார்கள், இருந்த ஒரே நாற்காலியைத் தந்தார்கள். அதிலிருந்து எழுதுபவன் நன்றியுணர்வு என்னும் பாடம் கற்றான். ஏழை, பாடமாகிவிட்டான். ஏன் அவ்வீட்டில் ஒரே நாற்காலி என்ற கேள்வியைக் கடிதம் எழுப்புவதில்லை. 1853இல் ஏழையைக் காணவே இல்லை. இன்று காண்கிறார்கள், கண்ணாடியாகக் காண்கிறார்கள்.

ஒரு முரணை இங்கே குறிக்காமல் இருக்க முடியாது. சென்னையில் ஓராண்டு உழைத்தும் பலன்டைனுக்கு வாய்க்காதது, நூறாண்டு கழித்து ஒரு காகிதத்துக்கு வாய்த்தது. கோயம்புத்தூரில் சீமெந்து ஆலையொன்றிற் கணக்கராயிருந்த பால் திருத்துவதாஸ் என்ற தமிழர், 1950களில் தற்செயலாகக் கையிற் கிடைத்த மார்மன் துண்டுப்பிரசுரம் ஒன்றைப் படித்து, தாமே அச்சபைக்கு எழுதி, பல ஆண்டு காத்திருந்து, 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு சுற்றுப்புறக் கிராமங்களிற் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அவரை யாரும் மாற்றவில்லை, அவரே தேடினார். அந்த ஆண்டுகளில் அவர் ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால், பதின்மூவரின் ஏடுகளையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு அதைத்தான் முதலிற் படிப்பேன்.

கிறிஸ்தவ ஊழியம் எங்கள் மலைகளில் ஒரு நாளும் தொழிலாளியின் பக்கம் நிற்கவில்லை என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. 1972இற் கண்டியில் ‘சத்தியோதயம்’ நிலையத்தை நிறுவிய இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் உரிமையைப் பற்றி விடாது எழுதினார், பேசினார். ஞானஸ்நானக் கணக்கு அவருடைய எழுத்தின் அளவுகோலாய் இருக்கவில்லை.

டிக்கோயாவுக்கு அருகே, காசல்றீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வோர்லி தேவாலயம் நிற்கிறது. 1878இற் கட்டியது. சுற்றுலா வருவோர் படம்பிடிக்கும் அழகிய இடம். துரைமாரின் கல்லறைகளில் எழுத்துகள் இன்றும் தெளிவாய் இருக்கின்றன. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும் கோடைகளில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவில் மேலெழும். அப்போது முதியவர்கள் கரையில் நின்று, இங்கே இன்னாரின் கடை, இங்கே இன்னாரின் வீடு என்று விரல் நீட்டிப் பெயர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவையெல்லாம் எழுதப்படாத பெயர்கள். சி. வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் திரட்டாதிருந்தால் பாட்டும் இப்படியே போயிருக்கும்.

ஆகவே என் மாணவிக்கு விடை: அந்த ஏடுகளில் நம்மவர் இருக்கிறார்கள், கூட்டமாக, கூலியாக, சமையற்காரனாக, பல்லக்குத் தூக்கியாக. பேர் பெரும்பாலும் போடவில்லை. அதற்காக அவ்வேடுகளைத் தூக்கியெறிந்துவிட முடியாது. வெளியூரான் ஒருவன் அன்றாடம் கண்டதை எழுதிய பக்கங்களை விட்டால், அக்காலத்து அன்றாடத்துக்கு நம்மிடம் வேறு சாட்சி மிகக் குறைவு. சமையற்காரன் காய்ச்சலாய்க் கிடந்தான் என்று ஒரு வரி வந்தால், அன்று யார் சமைத்தார், கூலி பிடிக்கப்பட்டதா என்று நாம் கேட்டுக்கொண்டு படிக்க வேண்டும். எழுதியவன் கேட்க மறந்த கேள்விகளோடு படிப்பது திறனாய்வின் வேலை.

அந்தப் பாடத்தின் முடிவில் வகுப்பாருக்கு ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதிவரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் அதிகாலையில் எழுந்து, பல் துலக்கி, இறைவனை வணங்கிப் பாடசாலைக்கு வந்ததாக எழுதியிருந்தனர், பாடநூல் நடை. அவளுடைய கொப்பியில் ஏழு நாளும் ஏழு பக்கம் இருந்தது. திங்கட்கிழமை மழை, அம்மாவுக்கு அரைப்பேர். செவ்வாய்க்கிழமை யார் யாருக்கு முழுப்பேர், நிறுவையில் எத்தனை கிலோ கழித்தார்கள், எதிர்த்துக் கேட்ட அக்கா யார், கேட்டதற்கு வந்த வசவு என்ன. எல்லாருக்கும் பேர் போட்டிருந்தாள்.

வகுப்பிற்கு வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் சேர். அதுல கணக்கப்புள்ள பேரும் இருக்கு” என்றாள்.

கொப்பியை மூடி அவள் கையிற் கொடுத்தேன்.